சிங்கப்பூர் ஹெட்போன்

குமாரபாளையத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்துவந்த கந்தவேல், ஆசைப்பட்டுச் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஹெட்போன் வரவழைத்தார். வந்த நாளிலிருந்து அதை விடவில்லை. ஸ்பாஞ்சை மாற்றினார், ஒயரை மாற்றினார். தன் காதைவிட மனைவி கமலவேணியின் காதைத்தான் நம்பினார். அவள் தறிப்பட்டறை வேலை முடிந்து வந்ததும் தலையில் மாட்டிவிடுவார்.

"தபேலா எப்படி இருக்குது?"

"போன வாரம் அடைச்சாப்புல இருந்துச்சுங்க. இப்ப கணீர்னு இருக்குது."

அன்றும் புது ஒயரைப் பற்றவைத்து, அவளுக்கு மாட்டி, டேப்ரிக்கார்டரைத் தட்டிவிட்டார். அவள் கண்ணை மூடித் தலையாட்டினாள்.

"இன்னைக்குத்தானுங்க புல்லாங்குழல் தனியாக் கேக்குது."

கந்தவேலுக்குத் தலைகால் புரியவில்லை. சத்தத்தைக் கூட்டக் குனிந்தவர் திகைத்துப்போனார். கேசட் சுற்றவே இல்லை. கரண்ட் போயிருந்தது.

"கமலவேணி!" என்று அவள் பின்னால் நின்று கத்தினார். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை வருசமா?"

அவள் தலை குனிந்தது. "தறிச் சத்தத்துல கொஞ்சங்கொஞ்சமா போயிருச்சுங்க. மூணு வருசமா ஒண்ணுமே கேக்கறதில்லீங்க. இனி வராதுன்னுட்டாரு டாக்டரு."

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் கந்தவேல்.

"அத்தனை ஆசையா மாட்டி உடறீங்க. கேக்கலைன்னு எப்படிங்க சொல்றது? பட்டறையில வாயசைவப் பாத்தே பேசிப் பழகிட்டனுங்க. அதுலயே ஊட்டுலயும் ஓட்டிட்டேன்."

தான் பேசும்போதெல்லாம் அவள் கண்ணெடுக்காமல் பார்ப்பதைப் பிரியம் என்றுதான் கந்தவேல் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.