புரையேறியபோது

குடும்பத்தோடு ஞாயிறு பஃபேவுக்கு வர முடியாதவர்கள் தங்கள் இயந்திரப் பதிலாளை அனுப்பிவிடலாம். அதே முகம், அதே குரல், சாப்பிடவும் செய்யும். எங்கள் நீண்ட மேசையில் டொராண்டோவில் இருக்கும் என் மகனின் இடத்தில் மட்டும்தான் பதிலாள் என்று நினைத்திருந்தேன்.

ஆப்பத்தைப் பிட்டு வாயில் போட்டதும் எனக்குப் புரையேறியது.

"யாரோ நினைக்கிறாங்க" என்றான் மகன். அதே நொடியில் பெரியப்பா, அத்தை, மச்சான், கொழுந்தியாள் எல்லோரும் அதே ராகத்தில் அதையே சொன்னார்கள்.

இருமிக்கொண்டே பக்கத்திலிருந்த மனைவியின் கையைப் பிடித்தேன்.

"கோமு, எந்திரி. வீட்டுக்குப் போயிரலாம்."

காலையில் எனக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து, என்னோடு காரில் வந்தவள், என் உச்சந்தலையில் மெல்லத் தட்டினாள்.

"யாரோ நினைக்கிறாங்க" என்றாள், அதே ராகத்தில்.