வரிசையில் முப்பத்தொன்றாவது ஆள்

"அக்கா, இவ்வளவு கூட்டமும் இந்தப் புது போனுக்கா? இல்ல உள்ள ஏதாவது சும்மா குடுக்குறாங்களா?"

முன்னால் நின்ற பெண் திரும்பிச் சிரித்தாள். "சும்மா குடுத்தா இப்படி வரிசையா நிப்பாங்களா தம்பி? ஏறி மிதிச்சிருப்பாங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மொபைல் சிப் தயாரிக்கும் கம்பெனியில் பொறியாளன் அவன். இந்த போனுக்குள் இருப்பதோ போட்டிக் கம்பெனியின் சிப். ஒன்றை வாங்கி வந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பதுதான் அவனுக்கு இட்ட வேலை. அனுப்பும்போதே மேனேஜர் சொல்லிவிட்டார்: "முதல் நாளே இது விற்பனைல பிச்சுக்கிட்டுப் போச்சுன்னா நம்ம டீமுக்குப் பூட்டுதான்."

எண்ணினான். முன்னால் முப்பது பேர். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினான். அதே முப்பதுதான்.

"யாருக்குக்கா வாங்குறீங்க?"

"நாத்தனாருக்கு. நீங்க?"

"மாமியாருக்கு" என்றான், இன்னும் கல்யாணமே ஆகாதவன்.

"அட! எவ்ளோ நேரம் பேசினாலும் சூடே ஆகாதாம். தைரியமா குடுங்க."

"போன் ஆகாதுக்கா. அவங்கதான்..."

வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் விரல் நுனியில் சிறிய தழும்பு. அவனுக்கும் அதே இடத்தில் ஒன்று உண்டு, லேபில் சிப்பைப் பற்றவைக்கும்போது சுட்டது. 'பாவம், அடுப்பில் சுட்டுக்கொண்டாள் போல' என்று நினைத்துக்கொண்டான்.

மேனேஜர் போனில் வந்தார். கொஞ்சம் தள்ளி நின்று கிசுகிசுத்தான். "சார், எனக்கு முன்னாடியே முப்பது பேர்."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "வேற எடத்துல வேலைக்குச் சொல்லி வச்சுக்கோப்பா. நானும் சொல்லி வைக்கிறேன்."

ஒருவழியாக அவன் முறை வந்தது. அந்தப் பெண் பெட்டியுடன் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"பில்லைக் கம்பெனி பேர்ல போட முடியுமா?"

கேஷியர் நிமிரவே இல்லை. "நாலுல எந்தக் கம்பெனி?"

"எந்த நாலு?"

"காலைலேர்ந்து போட்ட முப்பது பில்லும் நாலு சிப் கம்பெனி பேர்லதான் சார், இப்ப போனாங்களே அந்த அக்கா வரைக்கும். எல்லாரும் பிரிச்சுப் பாக்கத்தான் வாங்கிட்டுப் போறீங்க; பேசறதுக்குன்னு வாங்க இன்னும் ஒருத்தர்கூட வரல."