ஆற்றிலா, ஊரிலா

“கழுவியிருக்கான் பாரு. சாகப் போறவன் டிபன் பாக்ஸைக் கழுவி வைப்பானா—”

“எனக்கு வேலை வைக்கக் கூடாதுன்னுதான் அத்தை, கழுவி—”

“வாயை மூடு! நல்ல வார்த்தையே வராதா உனக்கு?”

காவல் நிலைய மேசையில் பையைக் கவிழ்த்துப் பரப்பியிருந்தார்கள். முந்தாநாள் லிஃப்ட் பழுதுபார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை. பை மட்டும் ஆற்றுப் பாலத்தில், கைப்பிடிச் சுவரோரம் கிடந்தது. ஜிப் ஒழுங்காக மூடியிருந்தது.

பெண் காவலர் பேனா மூடியைக் கடித்தாள். “ஆள் பத்தலம்மா. ஆத்துல படகு இறக்கறதா, வெளியூர்ல விசாரிக்கறதா? இன்னிக்கு ஏதாவது ஒண்ணைத்தான் ஆரம்பிக்க முடியும். அவர் எப்படிப்பட்டவர்னு உங்களுக்குத்தானே தெரியும்?”

“வெளியூர்ல தேடுங்க” என்றாள் தாய்.

“ஆத்துல” என்றாள் மருமகள், அதே மூச்சில்.

தாய் மருமகளை முறைத்தாள். பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போதே பிள்ளையைத் தண்ணீரில் தள்ளுகிறாளே, இவள் நெஞ்சென்ன கல்லா?

பெற்றவளுக்கு அவனைத் தெரியாதா! சின்ன வயதில் காணாமல் போனபோது தெருவே குளத்தைத் துழாவியது. அவனோ பேருந்து நிலையத்தில் எவனோ ஒரு டிரைவரிடம் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓடுகாலிதான். ஆனால் திரும்பி வருகிற ஓடுகாலி.

“கண்ணாடி எங்க? பையில இல்லையே! அது இல்லாம அவனுக்குச் சோத்துத் தட்டே தெரியாது. வழி பார்க்க எடுத்துட்டுப் போயிருக்கான்.”

“அதைத் தலைமேல ஏத்தி வச்சுக்கிட்டே வீடு முழுக்கத் தேடுவார் அத்தை. தலையில இருக்கறது மறந்து அப்படியே…”



காவலர் பையின் உள்ளறையைத் துழாவி ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். கல்யாண மோதிரம்.

“பார்த்தியா! லிஃப்ட் குழியில இறங்கறப்ப கம்பியில மாட்டும்னு கழட்டித்தான் வைப்பான். வேலையெல்லாம் செஞ்சிருக்கான்!”

“வேலை முடிஞ்சதும் போட்டுக்குவார். வெறும் விரலோட ஒரு நாள்கூட நம்ம வீட்டுப் படி ஏறினதில்ல. எங்கிட்டச் சொல்லாம பக்கத்துக் கடைக்குக்கூடப் போக மாட்டார். நீங்க படகு இறக்கச் சொல்லுங்க மேடம்.”

தாய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“ஏன்டி, என் பிள்ளை உயிரோட இருக்கறது உனக்குப் பிடிக்கலையா?”

மருமகள் மோதிரத்தை எடுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தாள். அதிலும் தொளதொளவென்று சுற்றியது.

“அவர் உயிரோட இருக்கார்னா, என்னை வேண்டாம்னுதானே போயிருக்கார், அத்தை?”