அஷ்வினி கூப்பிட்டால்தான்

கழிப்பறைக்குள்ளிருந்து அஷ்வினி கூப்பிட்டாள். வேங்கடபதி விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்து, மூடிய கதவில் நெற்றியை வைத்துக் கேட்டான்.

வா மகனே, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று அவர்கள் வீட்டுக் கன்னடத்தில் மூன்று முறை. அவன் மனைவி அஷ்வினி இறந்து இரண்டு வருடமாகிறது.

ஏழு வயது தீபனுக்கு ஆட்டிசம். அம்மா போனபின் கழிப்பறைக்குள் கால் வைக்க மறுத்தான். அடக்கி அடக்கிக் காய்ச்சலே வந்தது. கடைசியில், அவளுடைய பழைய போனில் அந்த ஒரு வரி பதிவாகியிருந்ததைப் போட்டுக் காட்டியதும்தான் போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் கூப்பிட வேண்டும். கூடப் போகிறவரைத் தவிர வேறு யாராவது எட்டிப் பார்த்தால் எழுந்துவிடுவான் என்பதால் கதவு மூடியே இருக்கும்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தீபனுக்கு டவுசரை மாட்டியபடி ராமலட்சுமி வெளியே வந்தாள். திருச்சுழிக்காரி. இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கன்னடத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

"என்ன லெச்சுமி, அவ குரலு கரகரங்குது? ஸ்பீக்கர் போச்சா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு இருமினாள். சளி பிடித்து இரண்டு நாளாகிறது.

"போனக் குடு. கடையில வேறொண்ணுல ஏத்திட்டு வாரேன். அது அழிஞ்சிருச்சுன்னா இவன் ஸ்கூலுக்குப் போன மாதிரிதான். பாத்ரூம் பழகுன புள்ளையத்தான் சேப்போம்னுட்டாக."

"நாளைக்குத் தாரேனே."

"நேத்தும் இதத்தான சொன்ன? ஏன், அவ பேச்சு இங்க கேக்குறது ஒனக்குப் பிடிக்கலையோ? அழிச்சிரலாம்னு பாக்குறியா?"

ராமலட்சுமி சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டு, போனை எடுத்து வந்து நீட்டினாள்.

வேங்கடபதி பொத்தானை அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். திரை கறுப்பாகவே இருந்தது.

"சார்ஜு போட்டு வைக்கிறதுக்கென்ன?"

ராமலட்சுமி தீபனின் தலையைத் தடவியபடி தரையைப் பார்த்தாள்.

"அது பக்கெட்டுல விழுந்து ஒரு மாசமாச்சுங்க."