தனி ஆள் வரிசை

கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு ஊழியர் நகர்ந்ததும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக யாரும் அவளைப் பூட்டி வைத்ததில்லை.

ரோப் கார் பெட்டி லேசாக ஆடிக்கொண்டு தரையை விட்டுக் கிளம்பியது. டிக்கெட் கவுண்டரும் அதன் முன்னால் நின்ற குடைகளும் சிறுத்துக்கொண்டே போயின.

குடும்பமாக வந்தால் முழு டிக்கெட். தனியாக வருகிறவர்களுக்கு வேறு வரிசை, பாதி விலை. எந்தப் பெட்டியில் இடம் காலியோ அதில் ஏற்றி விடுவார்கள். கூட யார் என்று கேட்கக் கூடாது. குறைந்த செலவில் தனியாக ஊர் சுற்றுவது எப்படி என்று அவள் போனில் பார்த்துத் தள்ளிய வீடியோக்களில் ஒன்று சொன்ன யோசனை அது. அந்த வீடியோக்கள் அவளை வெளிநாட்டு ரயில், மலிவு விடுதி என்று எங்கெங்கோ கூட்டிப் போயிருந்தன. நிஜத்தில் இதுதான் முதல் பயணம். வீட்டிலிருந்து இரண்டு பஸ்.

எதிர் இருக்கையில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். வாடகை மழைக்கோட்டின் தொப்பி நெற்றியை மூடியிருந்தது. தூறலிலும் கறுப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே முகக்கவசம், காலில் புத்தம்புது விளையாட்டு ஷூ. இவள் ஏறியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். “இவங்க நம்ம ரெகுலர் கஸ்டமர், தைரியமா போங்க” என்று ஏற்றும்போதே ஊழியர் சொல்லியிருந்தார்.

பாதி வழியில் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. கூரையிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. சின்னக் கோளாறுதான், சரி செய்துகொண்டிருக்கிறோம், கதவைத் திறக்க முயல வேண்டாம் என்றது. அப்புறம் அதுவும் மௌனமாகிவிட்டது. காலுக்கடியில் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

அவள் போனில் மணி பார்த்தாள். பயம் உயரத்தைப் பார்த்து அல்ல. சாயங்காலம் கணவன் வருவதற்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். போன தடவை தெருக்கோடிப் பூங்காவுக்குத் தனியாகப் போனதற்கே, போனையும் பேங்க் கார்டையும் ஒரு மாதம் பிடுங்கி வைத்துக்கொண்டான். தன் அம்மா இல்லாமல் அவள் வாசல்படி தாண்டக் கூடாது என்பது அன்று போட்ட சட்டம். இன்னொரு தடவை மாட்டினால் ஜன்னலோரம் நிற்கக்கூட விடமாட்டான்.

வாய் சும்மா இருக்கவில்லை. யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருந்தது.

“வீட்டுக்குத் தெரியாம வந்துட்டேங்க” என்றாள். “அவரைக்கூட சமாளிச்சுடலாம். எங்க மாமியாரை உங்களுக்குத் தெரியாது. கண்கொத்திப் பாம்பு. நான் குக்கர் மூடியைத் திறந்தாக்கூட எதுக்குன்னு கேப்பாங்க.”

மழைக்கோட்டுக்காரி ஜன்னலைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள். தோள் குலுங்கியது. பாவம், பயத்தில் அழுகிறாள் போல.

“அழாதீங்க, சரி பண்ணிடுவாங்க” என்று தேற்றிவிட்டு, விட்ட இடத்தில் தொடர்ந்தாள். பல் டாக்டரிடம் போகிறேன் என்று காலையில் தயங்கித் தயங்கி மாமியாரிடம் கேட்டதையும், அந்த மகராசி மறு பேச்சில்லாமல் அனுப்பியதையும் சொன்னாள். அவசரமே இல்லை, எல்லாப் பல்லையும் காட்டிவிட்டே வா என்றாளாம். அவனிடம் மூச்சு விடமாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டு, மூட்டுவலி என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

“என்னைக்கும் இல்லாத அக்கறை. எதுக்கோ அடிபோடறாங்க” என்று முடித்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. கணவன். எடுக்காவிட்டால் அடுத்த நிமிடம் ஆபீஸிலிருந்து கிளம்பிவிடுவான். எடுத்தாள்.

எங்கே இருக்கிறாய் என்றான். வீட்டில்தான் என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேலே ஸ்பீக்கர் உயிர்பெற்று, பயணிகள் பதற்றப்பட வேண்டாம் என்று கத்தியது.

“என்ன சத்தம்?”

“டி.வி.”

“அதை அணைச்சுட்டு அம்மாகிட்ட குடு.”

“அத்தை தூங்கறாங்க. மூட்டுவலி.”

“எழுப்பு.”

“இப்பதான் படுத்தாங்க, பாவம்...”

“அம்மா போனுக்கும் அடிச்சுப் பாத்துட்டேன், எடுக்கல. எனக்கு என்னமோ சரியாப் படல. ஒண்ணு அம்மா பேசணும், இல்ல நான் இப்பவே கிளம்பி வரணும். எது வசதி?”

பெட்டி காற்றில் மெல்ல ஊசலாடியது. சுற்றிலும் கண்ணாடி, கீழே வெறும் ஆகாயம். ஓடி ஒளிய ஒரு மூலை கிடையாது. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

எதிரே கோட்டு சரசரத்தது. மழைக்கோட்டுக்காரி ஒரு பெருமூச்சு விட்டாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் இவளுக்குக் கையிலிருந்த போன் நழுவியது. அது கீழே விழுமுன் எட்டிப் பிடித்து, காதில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் விழித்தவளைப் போல் ஒரு கொட்டாவி விட்டாள் மழைக்கோட்டுக்காரி.

“சொல்லுப்பா, அம்மாதான் பேசறேன்.”