தூக்கிய கை

ஹம்பேர்க் துறைமுகத்தில் காலை வெயில் பட்டு எல்பே நதி புதுத் தகரம் போல மினுங்குகிறது. கப்பல்களைக் கரையில் கட்டி அவிழ்க்கும் தொழிலாளி யாகோப்பு, கடைசிக் கயிற்றின் கண்ணியைக் கட்டுத்தூணிலிருந்து தூக்கி நீரில் விடுகிறார். நல்லெண்ண விருந்தாளியாக வந்த ஹத்தகாசே வகுப்பு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் கரையை விட்டு விலகுகிறது. நாற்பது வயதுக் கப்பல், ஆனால் ஒரு பொட்டுத் துரு இல்லை. இழுவைப் படகு அதன் முகத்தை மெல்லத் திருப்பும்போது சாம்பல் நிற மதிலொன்று ஊர்வது போலிருக்கிறது. முன்தளத்துப் பீரங்கி ஒரு கணம் நேராக அவரைப் பார்க்கிறது. யாகோப்பின் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேல் உயர்கின்றன. மன்னார்க் கடலில் மீன்பிடித்த காலத்தில் இலங்கை நேவியைக் கண்டால் வள்ளத்தை நிறுத்திவிட்டு இப்படித்தான் நிற்க வேண்டும். முப்பது வருடமாகியும் உடம்பு மறக்கவில்லை. "என்னண்ணை, ஆர் சுடப்போறான் எண்டு கையைத் தூக்கிறியள்?" என்று கூட வேலை செய்யும் கொட்வின் சிரிக்கிறான். "கீழ இறக்க ஏலாமல் கிடக்குதடா" என்கிறார் அவர். அப்போது கப்பலில் ஒரு கட்டளை கேட்கிறது. விளிம்பெங்கும் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்கும் மாலுமிகள் ஒரே நேரத்தில் தொப்பியைக் கழற்றி, தலைக்கு மேல் உயர்த்தி, மெல்ல வட்டமாகச் சுழற்றி விடைபெறுகிறார்கள். நூற்றுக்கணக்கான வெள்ளைத் தொப்பிகள், ஒரு சத்தமில்லை. கொட்வினின் சிரிப்பு நின்றுவிடுகிறது. யாகோப்பின் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் கொஞ்சம் நின்று, பிறகு அசையத் தொடங்குகின்றன.