ஆறாம் சேனலில் ஒரு அயலார்

"ஓய்! நம்ம ஆறாம் சேனல்ல எவனோ வந்து உட்கார்ந்திருக்கான்!"

நுமாதா போட்ட சத்தத்தில், சமையலறையிலிருந்து மிச்சியோ கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். கணவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். ஓய்வு பெற்று சில வருடங்கள் ஆகியும் வீட்டைத் தன் பழைய அலுவலகப் பிரிவு போலவே நடத்திக்கொண்டிருந்தார் மனிதர். அதில் மிஞ்சிய ஒரே ஊழியர் மிச்சியோதான்.

"யாருங்க அது?"

"பேரு யுஸுன்னு காட்டுது. நம்ம வைஃபை ஓடுற அலைவரிசையும் ஆறு, அவனோடதும் ஆறு. அவன் சிக்னல் நம்மளத அமுக்குது. அதனாலதான் நேத்து என் மானம் போச்சு."

மானம் போனது உண்மைதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய கம்பெனிக்காரர்கள் இணையத்தில் கூடுகிறார்கள். சிறப்புப் பேச்சாளர் நுமாதா. தலைப்பு, 'முப்பத்தெட்டு ஆண்டு மன ஒற்றுமை'. நேற்றைய ஒத்திகையில் "என் மனைவியும் நானும்" என்று ஆரம்பித்தவர், திறந்த வாயோடு திரையில் அப்படியே உறைந்துபோனார். ஒரு காலத்தில் அவர் எதிரே உட்காரப் பயந்த பயல்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படி ஆகிவிட்டால் அவரால் தாங்கவே முடியாது.

"நாமளே வேற சேனலுக்கு மாறிக்கலாமே?"

"எங்க மாறுறது? உரசாம ஓடுற சேனலே மொத்தம் மூணுதான். தெருவே ஒண்ணுலயும் பதினொண்ணுலயும் முட்டி மோதுது. ஆறுல இவன் ஒருத்தன்தான். இவனைக் கிளப்பிட்டா ஆறு முழுசா நமக்கு. அதுவும் இல்லாம நான் ஏன் நகரணும்? முதல்ல வந்தவன் நான்!"

"அவங்களுக்கும் ஒரு இடம் வேணும்ல?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. டீயைப் போடு."

மிச்சியோ தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.

நுமாதாவின் மூளை சுறுசுறுப்பானது. யுஸு என்பது நாரத்தை மாதிரி ஒரு பழம். இந்தத் தெருவில் யுஸு மரம் யார் தோட்டத்தில் இருக்கிறது? பக்கத்து வீட்டு குபோ! சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால், அலமாரியிலிருந்து ஒரு அரிசி பிஸ்கட் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

குபோ தோட்டத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்தார். நுமாதா இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, பெட்டியை நீட்டிவிட்டுத்தான், பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து ஆரம்பித்தார்.

"குபோ-சான், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நீங்க பண்றது நல்லா இல்ல. உங்க யுஸு என் சேனல்ல வந்து படுத்துக்கிச்சு."

விவரம் தெரிந்ததும் குபோ சிரித்துவிட்டார்.

"மரத்துல யுஸு காய்ச்சா வைஃபைக்கும் அதே பேரா? எங்க வீட்டுல நாய் இருக்கு, அதுக்காக என் பேரை நாய்னு வைப்பீங்களா? என்னோடது பதினொண்ணு. உங்க போனையே பாருங்க, இங்க யுஸு எவ்வளவு காட்டுது?"

ஒரு கோடுதான் காட்டியது. அதுவும் மினுக் மினுக்கென்று உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

"இதைப் பத்தி மிச்சியோ-சானைக் கேட்டீங்களா?" என்றார் குபோ.

"அவளையா? டிவி ரிமோட்டுக்கே தடுமாறுறவ. அவகிட்டப் போய் என்னத்தைக் கேக்குறது?"

குபோ ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், பிஸ்கட் பெட்டியோடு அவசரமாக உள்ளே போய்விட்டார். மற்றவர்கள் விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை.

நுமாதா கைப்பேசியைப் பார்த்தபடியே திரும்பி நடந்தார். அவர் வீட்டு வாசலில் ஒரு கோடு கூடியது. செருப்பைக் கழற்றும் இடத்தில் இன்னொன்று. மாடிப்படி அருகே போனதும் எல்லாக் கோடுகளும் நிறைந்து நின்றன.

"ஓய்! எவனோ நம்ம மாடியிலேயே மறைச்சு வெச்சிருக்கான்!"

"மேல ஏறாதீங்க, முட்டி வலிக்கும்" என்றாள் மிச்சியோ, டீயை மேசையில் வைத்தபடி.

"என் வீட்டு மாடி! நான் ஏற யாரைக் கேக்கணும்?"

முட்டி வலி வந்த நாளிலிருந்து அவர் மாடிப் பக்கமே போனதில்லை. அவருடைய குறட்டை தாங்காமல் மிச்சியோ அங்கே படுக்கிறாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். கைப்பிடியைப் பற்றி முனகிக்கொண்டே ஏறினார். மேலே அறைக் கதவில் புதுப் பூட்டு. பக்கத்தில் ஒரு அழைப்பு மணி. மணிக்கு மேலே அழகான மரப் பெயர்ப்பலகை, 'ஷிராயிஷி' என்று.

"யாரு இந்த ஷிராயிஷி? என்னைக் கேக்காம மாடியை வாடகைக்கு விட்டுட்டியா?"

"என் பிறந்த வீட்டுப் பேருங்க அது. மறந்துட்டீங்களா?"

பின்னாலேயே வந்த மிச்சியோ சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒற்றை அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், ஒரு கிண்ணம், ஒரு கோப்பை. ஜன்னலோரம் ஒரு ரவுட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

நுமாதாவின் வாய் திறந்தபடி நின்றது. இந்தத் தடவை இணையத்தின் மேல் பழி போட முடியவில்லை.

"அப்ப... ஞாயித்துக்கிழமை என் பேச்சு?"

"தாராளமாப் பேசுங்க, அந்த நேரத்துக்கு நான் இதை அணைச்சு வைக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரங்கன்னா அனுசரிச்சுத்தானே போகணும்" என்றாள் மிச்சியோ. "போன வருஷம் செர்ரி பூத்தப்பவே, உங்களை விட்டுப் பிரிஞ்சு தனியா வந்துடறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தாங்க வந்தேன், நீங்க பேஸ்பால் பார்த்துக்கிட்டே 'சரி சரி, டீயைப் போடு'ன்னீங்க."